உதிரிபாகம் கிடைக்கிற காற்றாலை

காற்றாலை என்றதும் உங்களில் பலருக்கு பல்லடம் தாண்டி உடுமலை போகும் வழியிலோ, ஆரல்வாய்மொழிக் கணவாயிலோ நிற்கும் மூன்று றெக்கை ராட்சசன்கள்தான் நினைவுக்கு வரும். அவை கரண்டு எடுப்பவை. நான் எழுதப்போவது அதுக்குத் தாத்தா. பழைய கௌபாய் படங்களில் ஆளில்லாத பண்ணை வீட்டுக்குப் பக்கத்தில், சூரியகாந்திப் பூ மாதிரி ஒரு தகரச் சக்கரம் கிரீச் கிரீச்சென்று சுற்றிக்கொண்டிருக்குமே, அது. கரண்டெல்லாம் எடுக்காது. கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றும். அதுக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதான்.

எழுதத் தோன்றியதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1930களில் நட்ட ஒரு காற்றாலை, நாற்பது ஐம்பது வருஷம் துருப்பிடித்துக் கிடந்த பிறகும், இன்றைக்கு யாரோ ஒருவர் அதை இறக்கிப் பிரித்துத் திரும்ப ஓடவிடுகிறார். அதற்கு வேண்டிய பல்சக்கரம் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. நம்ம பக்கம் 1980களில் மானியத்தில் நட்டவையோ பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. மிச்சம் நிற்பவை கொடி படர்ந்து நிற்கின்றன. ஐம்பது வயசு மூத்தது பிழைக்கிறது, இளையது சாகிறது. இது காத்தோட குறையும் இல்லை, இரும்போட குறையும் இல்லை. இரண்டு ஊர்களின் சரித்திரத்தில் இருக்கிற வித்தியாசம் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஐரோப்பாவில் மாவரைக்கிற காற்றாலைகள் பல நூறு வருஷமாக இருந்தன. ஆனால் அதோடு ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டும். காற்று திரும்பினால் ஆலையின் முகத்தைத் திருப்பணும், புயல் வந்தால் பாய்த்துணியைச் சுருட்டணும். அமெரிக்காவின் புல்வெளிப் பிரதேசத்தில் பண்ணைக்கும் பண்ணைக்கும் நடுவே மைல் கணக்கில் ஆளே கிடையாது. கனெக்டிகட் மாநிலத்து மெக்கானிக் டேனியல் ஹாலடே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து 1854-ல் காப்புரிமை வாங்கினார். காற்று அதிகமானால் றெக்கைகள் தாமாகவே சாய்ந்து காற்றுக்கு வழிவிடும். குறைந்தால் மறுபடி விரியும். ஜான் பர்னம் என்ற பம்பு வியாபாரி, தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் காற்றாலை இருந்தால் விற்றுத் தீர்க்கலாம் என்று சொல்லித்தான் ஹாலடே அதில் இறங்கினார் என்பார்கள். முதலில் யோசித்தவன் வியாபாரி, அப்புறம்தான் மெக்கானிக். எனக்குப் பிடித்த விஷயம் அது.

கம்பெனி 1863-ல் இல்லினாய் மாநிலத்து பட்டேவியா என்ற ஊருக்கு மாறியது. முதலில் நல்ல கிராக்கி கொடுத்தது விவசாயி இல்லை, ரயில்காரன். நீராவி எஞ்சினுக்கு வழிநெடுகத் தண்ணீர் வேண்டுமே. 1867-ல் லெனர்ட் வீலர் என்ற பாதிரியார் வேறொரு முறையைக் கொண்டுவந்தார். றெக்கைகளைத் தனித்தனியாகச் சாய்க்காமல், பலத்த காற்றில் முழுச் சக்கரமும் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். இன்றைக்கும் இந்த வகைக் காற்றாலைகளுக்கு அதுதான் அடிப்படை. 1874-ல் முள்வேலிக் கம்பி வந்தது. மாடுகளை வேலிக்குள் அடைத்தால் ஓடைக்கு ஓட்டிப்போக முடியாது, வேலிக்குள்ளேயே தண்ணீர் வேண்டும். அப்புறம் காற்றாலை இல்லாத பண்ணை இல்லை என்றாகிவிட்டது.

இதெல்லாம் மரச் சக்கரக் காலம். அடுத்து வந்தவர் தாமஸ் பெர்ரி. பட்டேவியா கம்பெனியில் எஞ்சினியர். 1882, 83-ல் ஒரு கட்டடத்துக்குள்ளே நீராவி எஞ்சினால் சுழலும் நீளமான கை ஒன்றை அமைத்து, அதன் முனையில் 5 அடிச் சக்கரத்தை மாட்டிச் சுற்றவிட்டு அளந்தார். காற்று சக்கரத்தைத் தேடி வராது, சக்கரம் காற்றுக்குள் போகும். 61 விதமான சக்கரங்கள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள். றெக்கை தட்டையாக இல்லாமல் வளைவான தகடாக இருந்து, நடுவில் மறைக்கிற மரச்சட்டங்களும் இல்லாவிட்டால், அப்போது பழக்கத்தில் இருந்த மரச் சக்கரத்தைவிட 87 சதவீதம் கூடுதலாக வேலை வாங்கலாம் என்று கண்டார். கம்பெனி கண்டுகொள்ளவில்லை. பெர்ரி வெளியேறி, சிகாகோவில் லவெர்ன் நோய்ஸ் என்ற முதலாளியோடு சேர்ந்தார். 1888-ல் வந்தது ஏர்மோட்டார்.

முதல் வருஷம் 45 தான் விற்றது. போட்டிக் கம்பெனிக்காரர்கள் 'கணக்குக் காத்தாலை' என்று கேலி செய்தார்கள். நாலைந்து வருஷத்தில் வருஷத்துக்குப் பல்லாயிரம் என்று போனதும் கேலி நின்றது.

உள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் சொன்னால்தான் மேற்கொண்டு புரியும். பழைய மரக் காற்றாலையில் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் பம்புத் தண்டு ஒரு தரம் ஏறி இறங்கும். மெல்லிய காற்றில் கிணற்றுத் தண்ணீரின் பாரத்தைத் தூக்க முடியாமல் நின்றுவிடும். ஏர்மோட்டாரில் சின்னப் பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தை ஓட்டும். சக்கரம் மூன்று சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் தண்டு ஒரு தரம் ஏறும். வண்டியில் பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது முதல் கியருக்கு மாறுவோமில்லையா, அதே சமாச்சாரம். மெல்லிசான காத்துக்கும் தண்ணி வரும்.

குறை ஒன்றுதான், எண்ணெய். வாரத்துக்கு ஒருமுறையாவது யாராவது முப்பது நாற்பது அடி கோபுரத்தில் ஏறி கிரீஸ் வைக்க வேண்டும். குளிர்காலத்தில் பனி உறைந்த கம்பியில் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். விழுந்து செத்தவர்கள் உண்டு. ஏறச் சலித்துப் போய் ஓட்டி ஓட்டியே தேய்த்தவர்களும் உண்டு. 1912-ல் எல்ஜின் கம்பெனியும், 1915-ல் ஏர்மோட்டாரும் பல்சக்கரங்களை எண்ணெய்த் தொட்டிக்குள் மூழ்கவிட்டு மேலே மூடி போட்ட மாடல்களை விற்க ஆரம்பித்தன. சக்கரம் சுற்றச் சுற்ற எண்ணெய் தானே மேலேறி பேரிங்குக்குப் போய்த் திரும்ப வழியும். வருஷத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும். 1933-ல் வந்தது 702 என்ற மாடல்.

702-ஐ அதற்கப்புறம் மாற்றவேயில்லை. கம்பெனி சிகாகோவை விட்டு, பல கை மாறி, இப்போது டெக்சாஸ் மாநிலம் சான் ஏஞ்சலோவில் இருக்கிறது. ஆனால் 1933-ல் வார்த்த உடம்புக்கு இன்றைக்கு வார்த்த பல்சக்கரம் பொருந்துகிறது. புது மாடல் விட்டு விவசாயியின் காசைப் பிடுங்காமல் இருந்தது பெருந்தன்மை என்று நான் சொல்லமாட்டேன். 1935-36-ல் ரூஸ்வெல்ட் அரசு கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் திட்டத்தை ஆரம்பித்தது. அப்போது அங்கே பத்துப் பண்ணையில் ஒன்றுக்குத்தான் கரண்டு இருந்தது. இருபது வருஷத்தில் நிலைமை தலைகீழ். விழுகிற சந்தைக்குப் புது மாடல் யார் வடிவமைப்பார்கள்? இருந்ததையே வார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மந்தம்தான் இன்றைக்கு வரமாக இருக்கிறது. கம்பி போய்ச் சேராத மேய்ச்சல் நிலங்களில் மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் விட இன்றும் வாங்குகிறார்கள். மற்ற இடங்களில், தாத்தா நட்டதைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களும் வாங்குகிறார்கள்.

அப்படி ஆசைப்படுகிறவர்கள் செய்யும் வேலை இருக்கிறதே, அதைத் தெரிந்துகொள்வதில் எனக்கு ஒரு தனி ருசி.

சக்கரத்தைச் சங்கிலி போட்டுக் கட்டாமல் யாரும் மேலே ஏறுவதில்லை. துருப்பிடித்து அசையாமல் நிற்கிற சக்கரம், நாம் மேலே இருக்கும்போது ஒரு காற்றில் விடுபட்டுச் சுற்றினால் கீழே தள்ளிவிடும். பிறகு தலைப்பாகத்தை மொத்தமாகக் கீழே இறக்குவார்கள். பழைய காலத்தில் கோபுர உச்சியில் ஒரு கம்பத்தைக் கட்டிக் கப்பி போட்டு இறக்கினார்கள். இன்றைக்கு கிரேன் வண்டி.

எதனால் பிடித்துக்கொண்டது என்பது மூடியைப் பார்த்தாலே தெரியும். அதில் துப்பாக்கி ஓட்டை இருக்கும். நிஜமாகத்தான் சொல்கிறேன். அங்கே வேட்டைக்குப் போகிறவன் ஒன்றும் கிடைக்காமல் திரும்பும்போது காற்றாலையைக் குறிபார்த்துச் சுடுவது ஒரு வழக்கம். அந்த ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கும். தண்ணீர் கனம், அடியில் தங்கும். எண்ணெய் மேலே மிதந்து விளிம்பில் வழிந்து போய்விடும். கொஞ்சநாளில் பல்சக்கரங்கள் வெறும் தண்ணீரில் உட்கார்ந்திருக்கும். எண்ணெய் போகிற சின்னத் துளைகளை மண்குளவி கூடு கட்டி அடைத்திருக்கும். அந்தக் குளவிக்கு அமெரிக்காவும் ஒன்றுதான், நம்ம மோட்டார் ரூமும் ஒன்றுதான்.

இப்போது பொறுமை வேண்டும். உடம்பு வார்ப்பிரும்பு. சம்மட்டியால் போட்டால் கண்ணாடி மாதிரி விரிசல் விடும். விவரம் தெரிந்தவர்கள் மண்ணெண்ணெயோ, ஊடுருவும் எண்ணெயோ ஊற்றி நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் ஊறவிடுவார்கள். உடம்பை மட்டும் இளஞ்சூடு காட்டி, ஆறவிட்டு, மறுபடி எண்ணெய் விடுவார்கள். ஒரு நூல் அசைந்தால் உடனே முழுதும் சுற்றப் பார்க்காமல், முன்னும் பின்னும் அந்த ஒரு நூலையே ஆட்டி ஆட்டித் துருவை வெளியே எடுப்பார்கள். அவசரக்காரனுக்கு ஆகாத வேலை.

பேரிங் என்பது நாம் கடையில் வாங்கும் குண்டு பேரிங் அல்ல. பாபிட் என்ற ஈயக் கலவையை உருக்கி, சாஃப்டைச் சுற்றி வார்த்தது. பழைய ஆயில் எஞ்சின் பார்த்த மெக்கானிக்குகளிடம் கேட்டுப்பாருங்கள், ஒயிட் மெட்டல் என்பார்கள். தேய்ந்துபோனால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வார்க்கலாம். சாஃப்ட் மேல் உலோகம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதை மெழுகுவர்த்திப் புகையில் கருக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் களிமண் வைத்து அடைக்க வேண்டும். உடம்பை முன்கூட்டியே சூடாக்கணும், இல்லையென்றால் ஊற்றியது பாதியிலேயே உறைந்துவிடும். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் உருகின ஈயம் முகத்தில் தெறிக்கும். ஒரே மூச்சில் ஊற்றி முடிக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு முந்தின கிராமத்துக் கொல்லனும் இதை இப்படித்தான் செய்தான்.

காணாமல்போன பாகங்கள் வேறு கதை. வாலில் கம்பெனி பேர் எழுதியிருப்பதால் யாராவது வீட்டுச் சுவரில் மாட்டக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். வாலே இல்லாத பழைய மரக் காற்றாலைகளில் சக்கரத்தின் கனத்தைச் சமன் செய்ய, பின்பக்கம் ஒரு வார்ப்பிரும்புப் பொம்மையைத் தொங்கவிட்டிருந்தார்கள். எல்ஜின் கம்பெனி சேவல் போட்டது. நெப்ராஸ்கா மாநிலத்து டெம்ப்ஸ்டர் கம்பெனி குதிரை போட்டது. ஃபேர்பரி கம்பெனி காளை போட்டது. எடைக்கல்தானே, ஒரு கட்டி இரும்பு போதாதா? போதும். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தாலே யார் செய்த காற்றாலை என்று தெரிய வேண்டுமே. இன்றைக்குக் கலைப்பொருள் சேர்ப்பவர்கள் அந்தச் சேவலுக்கும் காளைக்கும் நல்ல விலை கொடுக்கிறார்கள். போலியும் வார்க்கிறார்கள். ஆக, பழைய மரக் காற்றாலையை மீட்கிறவருக்குக் கடைசிவரை கிடைக்காமல் போவது இந்தப் பொம்மைதான்.

கீழே கிணற்றுக்குள் இருக்கும் பம்பு நமக்கு அந்நியமே இல்லை. உருளை, அதற்குள் தோல் வாஷர், ஒரு வால்வு. ஊர்ப் பொதுக்குழாய் அடிபம்புக்கு வாஷர் மாத்தத் தெரிந்தவர் யாரும் அதைப் பிரித்துப் பூட்டிவிடலாம். ஒன்று மட்டும் கவனிக்கணும். காற்றாலையிலிருந்து பம்புக்கு இறங்கும் தண்டில் மேல் பகுதி மரமாக இருக்கும். புதிதாகப் பழுது பார்க்க வருகிறவர்கள், 'எதுக்கு மரம், இரும்பாவே போட்டுடலாம்' என்று மாற்றிவிடுவது உண்டு. மரம் அங்கே இருப்பதே உடைவதற்குத்தான். பம்பு சிக்கிக்கொண்டால் மலிவான மரத்துண்டு உடையும், மேலே பல்சக்கரம் தப்பிக்கும். இரும்பாகப் போட்டால் பல்சக்கரம்தான் நொறுங்கும்.

இனி நம்ம ஊர்க் கதை.

கொங்கு நாட்டில் கிணற்றுத் தண்ணீரை இறைத்தது கவலை. இரண்டு மாடு, வடம், தோல் சால், கிணற்று மேட்டில் சரிவாக வாரி. சால் கிழிந்தால் தைக்க ஊரிலேயே ஆள் இருந்தார். உருளை தேய்ந்தால் ஆசாரி. கடையாணிக்குக் கொல்லர். ஒரு பாகத்துக்குக்கூட ஊரைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. அடுத்து ஆயில் எஞ்சின் வந்தது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-33-ல் ஓட ஆரம்பித்ததும் கோயமுத்தூர் சுற்றுவட்டாரத்தில் கிணறுகளுக்குக் கரண்டு வர வழி திறந்தது. கோயமுத்தூரிலேயே மோட்டார் செய்தார்கள், பம்பு வார்த்தார்கள். மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டிக் கொடுக்க எந்தச் சின்ன ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலும் ஒரு ரீவைண்டிங் கடை உண்டு.

ஏர்மோட்டார் 702 வந்த அதே சமயத்தில் பைக்காரா கரண்டும் வந்துவிட்டதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் காற்றாலைக்கு 1854-லிருந்து எண்பது வருஷம் கிடைத்தது. அந்த எண்பது வருஷத்தில் வார்ப்பவன், விற்பவன், ஊர் ஊராகப் போய் ரிப்பேர் செய்பவன், பாகம் வைத்திருக்கும் கடைக்காரன் என்று ஒரு சங்கிலியே உருவாகிவிட்டது. கரண்டு வந்தபோதும் அந்தச் சங்கிலி முழுசாக அறுந்துபோகவில்லை. நம்ம பக்கம் கவலைக்கும் மோட்டாருக்கும் நடுவில் காற்றாலைக்கு இடமே கிடைக்கவில்லை.

முயற்சி பண்ணாமல் இல்லை. பெங்களூரில் உள்ள தேசிய விமானவியல் ஆய்வுக்கூடம் 1960களிலேயே தண்ணீர் இறைக்கும் காற்றாலை ஒன்றை வடிவமைத்தது. உத்தரப் பிரதேசத்து காஜிப்பூரில் ஒரு தொண்டு அமைப்பு, டச்சுக்காரர்களின் உதவியோடு 12 றெக்கையும் 5 மீட்டர் சக்கரமும் கொண்ட ஒரு மலிவு மாடலை உருவாக்கியது. எண்ணெய் விலை ஏறிய பிறகு 1982-ல் மத்திய அரசு மரபுசாரா எரிசக்திக்கென்று தனித்துறை அமைத்து, அந்த மாதிரிக் காற்றாலைகளை மானியத்தில் கொடுத்தது. ஆரோவில் பட்டறையிலும் தனியாகச் செய்தார்கள். செய்த ஆட்களே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட இடங்களில் நன்றாகவே ஓடின. மற்ற இடங்களில் நட்டவர் போனபிறகு ஸ்பானர் பிடிக்க ஆளில்லை. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மோட்டாருக்குக் கரண்டு இலவசமானது. சுவிட்சைத் தட்டினால் காசில்லாமல் தண்ணீர் வரும்போது, கோபுரத்தில் ஏறி எண்ணெய் மாற்ற யாருக்குத் தோன்றும்? விவசாயியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரூஸ்வெல்ட் கரண்டு அங்கே செய்ததைத்தான் இலவசக் கரண்டு இங்கே செய்தது.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவரிடம் அந்த மானியக் காலத்துக் காற்றாலை ஒன்று இன்னும் நிற்கிறது. 'ஏந்தம்பி, இத மறுக்கா ஓட்ட முடியுங்களா?' என்று கேட்டார். 'பாக்கலாமுங்கண்ணா' என்று ஆயுத பூஜைக்கு மறுவாரம் கிரேன் வைத்து இறக்கினோம். றெக்கை ஐந்து இல்லை, வாலை இழுக்கும் ஸ்பிரிங் இல்லை, தண்டை ஆட்டும் இடத்தில் இரண்டு பேரிங்கும் இறுகிப் பாறையாகியிருந்தன. செய்த கம்பெனியின் பேர்ப்பலகை கிடையாது. பேர் தெரிந்தாலும் அது இப்போது இருக்கப்போவதில்லை.

பேரிங்கைக் கழற்றி டீசலில் கழுவியதும் அதில் பொறித்த நம்பர் தெரிந்தது. அந்த நம்பரைச் சொன்னதும் கோயமுத்தூர்க் கடையில் அரைமணி நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஸ்பிரிங்குக்கு லாரி பட்டறை. றெக்கைத் தகட்டை ஒரு பழைய றெக்கையை அச்சாக வைத்து ஏர்கூலர் செய்யும் கடையில் வளைத்தாயிற்று. மாட்டிக்கொண்டது நடுக்குடம். ஒரு காது உடைந்த வார்ப்பு, எந்த நம்பரும் இல்லை. உடைந்த துண்டும் இல்லாததால், மிச்சமிருக்கும் காதுகளை அளந்து, மரத்தில் பேட்டர்ன் செய்து பவுண்டரியில் கொடுத்திருக்கிறது. ஒரே ஒரு உருப்படி என்பதால் பெரிய வார்ப்பு வேலைகளுக்கு நடுவே காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

இது ஓடினாலும் தென்னைக்குப் பாயப்போவதில்லை. எங்க பக்கம் போர்வெல் ஆயிரம் அடிக்குப் போய்விட்டது, அந்த ஆழத்திலிருந்து இழுக்க எந்தக் காற்றாலைக்கும் தெம்பு கிடையாது. பாசனத்துக்குக் கேட்டால் சோலார் பம்பு போடுங்க என்றுதான் நானே சொல்வேன். அண்ணன் கேட்பது அதற்கில்லை. பி.ஏ.பி. வாய்க்காலில் தண்ணி விடுகிற மாசங்களில் அவருடைய பழைய கிணற்றில் நாற்பது அடியில் ஊற்று நிற்கும். அதிலிருந்து மாட்டுத் தொட்டி நிறைந்தால் போதும் என்கிறார். நாலு எருமை, இரண்டு கன்று.